கல்பாசி டின்னில் கிராம்பு

கண்ணு, இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் கடைக்கு வராதே, போனும் பண்ணாதே. நடுவில் நிறுத்திவிட்டு வந்து கேட்டால் மிச்சத்தை நான் வாயால் சொல்ல மாட்டேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும். திங்கட்கிழமை உன் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகிறது என்றாய். நேற்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முன்பக்கத்தில் நன்றி சொல்லி நீ இங்கிலீஷில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். ஆராய்ச்சிக்கு உனக்கு வழிகாட்டின உன் மேடத்துக்கு நன்றி, கொடைக்கானலில் உன்னோடு காடெல்லாம் அலைந்தவருக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி. கடைசியில், "தவறு தெரிந்த அந்த நிமிடமே என்னிடம் சொன்ன என் அம்மாவுக்கு" என்று ஒரு வரி. படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் எழுந்து போய், ஏற்கெனவே கட்டியிருந்த மிளகு மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்து நீ சிரித்தாய். வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லைடா. அந்த வரி பொய். நீ தெரிந்து எழுதின பொய் இல்லை, நான் உன்னை நம்ப வைத்த பொய். இத்தனை பக்கம் எழுதியும், சந்தேகம் இருக்கிற ஒன்றைக்கூட நிச்சயம் என்று நீ எழுதவில்லை என்று உன் மேடமே அப்பாவிடம் சொன்னார்களாம். அப்படிப்பட்ட புத்தகத்தில் ஒரே ஒரு பொய், அதுவும் என்னைப் பற்றியது, அட்டை போட்டு வருவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

முதலிலிருந்து வருகிறேன், குறுக்கே பேசாதே. கல்பாசியில் ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று இந்த வீட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஆட்டோவை வாசலில் விட்டுவிட்டு அப்போதுதான் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னா நைனா, இவ்ளோ படிச்சிட்டு குருமாவுல போடுற ஐட்டத்தையா ஆராய்ச்சி பண்ணப் போற? அதான் உங்கம்மா கடையில டின்னு டின்னா கீதே" என்றார். நானும் என் பங்குக்கு விடவில்லை. எதிர்வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேளச்சேரியில் ஃப்ளாட் வாங்கினதையெல்லாம் இழுத்தேன். நீ கோபித்துக்கொள்ளவே இல்லை. ஒரு துண்டு கல்பாசியை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தாய். மேல் பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு, காய்ந்து சுருண்ட ஒரு சருகு. "இது செடியே இல்லம்மா. பூஞ்சையும் பாசியும் சேந்து குடித்தனம் பண்ணுது. பூஞ்சை வூடு கட்டித் தரும், பாசி வெயில வச்சு சமைச்சுப் போடும்" என்றாய். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பொட்டலம் கட்டி விற்றவள் நான். மரத்தில் பூக்கிற பூ என்று வாடிக்கைக்காரர்களிடம் அடித்து விட்டுக்கொண்டிருந்தவள். வாயைப் பிளந்தேன்.

அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "பாறையில, மரப்பட்டையில ஒட்டிக்கினு கீதும்மா அது. வெயில் அடிச்சா நிழலுக்கு ஓட முடியாது. பனி பெஞ்சா உள்ள போக முடியாது. அதனால தன்னைக் காப்பாத்திக்க தானே மருந்து மாதிரி சில பொருள் செஞ்சு வச்சிக்குது." அந்தப் பொருள்களுக்கு அட்ரனோரின் என்றும் லெக்கனோரிக் அமிலம் என்றும் பெயர் சொன்னாய். நான் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தும் என் வாயில் நுழையவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று கேட்டதற்கு, அடுப்படியில் நான் நறுக்கிக்கொண்டிருந்த வாழைக்காயைக் காட்டினாய். "வெட்டி வச்சா கறுக்குதுல்ல? காத்துல இருக்குற ஆக்ஸிஜன் பண்ற வேலை. நம்ம உடம்புக்குள்ளயும் அந்த மாதிரி சேதாரம் நடந்துக்கினே இருக்கு. அதத் தடுக்கற சரக்குதான் இது." நான் வாழைக்காயை மோர்த் தண்ணீரில் போட்டுவிட்டு, "இதுக்குப் போய் அஞ்சு வருஷமாடா?" என்றேன். ஆனால் அன்றைக்கே உன்னைப் பார்த்து மனசுக்குள் அசந்துவிட்டேன். தினமும் கையில் அள்ளுகிற பொருளை நான் ஒரு நாளும் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை.

அடையாறில் உன் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டேன், நீ சிரித்தாய். கல்பாசியைப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. இன்னொரு கண்ணாடிக் குழாயில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். அதில் இதைக் கொஞ்சம் விட்டாய். "பாத்துக்கினே இரும்மா. சத்து இருந்தா ஊதா வெளுத்து மஞ்சளாவும்." நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன். மெதுவாக, காபித் தூளில் டிகாக்ஷன் இறங்குகிற மாதிரி, நிறம் இறங்கியது. உன் மேடம் அந்தப் பக்கம் வந்து, "உங்க பையன் கை ரொம்ப சுத்தம்மா, ஒரு சொட்டு அதிகமா விட மாட்டான்" என்றார்கள். வீடு வந்து சேருகிற வரைக்கும் ஆட்டோவில் அப்பாவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இப்போது என் டின் விஷயம். நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் ஒரு மூட்டை கல்பாசி பூசணம் பிடித்து, வண்டு விழுந்து, அப்படியே குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு நானே ஒரு வழி பண்ணினேன். டின்னின் அடியில் இரண்டு கை கிராம்பு, அதன்மேல் கல்பாசி, மேலே இன்னும் ஒரு கை கிராம்பு. பூச்சி எட்டிப் பார்க்காது. பொட்டலம் கட்டும்போது கிராம்பைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் திரும்ப டின்னிலேயே போட்டுவிடுவேன். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி எத்தனையோ கடை இருந்தும், கல்பாசிக்கு என் கடையைத் தேடி வருவதற்குக் காரணமே அந்த வாசனைதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, தொழில் ரகசியம். மலையில் நீயே சேகரித்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க, கடையில் விற்கிற கல்பாசியும் வேண்டும் என்று நீ என்னிடம் வந்து நின்றபோது, முழு இலையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். "இதுல வேற எதுவும் கலக்கலையேம்மா?" என்று கேட்டாய். எனக்கு எப்படி வந்ததோ கோபம். "கலப்படமா? என் கடையிலயா? பெத்த தாயைப் பாத்துக் கேக்கற கேள்வியாடா இது?" என்று கத்தினேன். மஞ்சளில் மாவு கலக்கிறவன் செய்வதுதான் கலப்படம். நான் போட்ட கிராம்பு சரக்கைக் காப்பாற்றப் போட்டது. அது கலப்பு என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாய். அந்த வாசனை உனக்கும் சந்தேகம் தரவில்லை. தொட்டிலில் இருந்தே அதில் வளர்ந்தவன் நீ.

அதுவரைக்கும் செய்ததில் அறியாமைதான் உண்டு, அதற்கு நான் அழவில்லை. அதற்கு முந்தின வருஷம் நீ மலையிலிருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த கல்பாசியெல்லாம் மொட்டை மாடியில் காயும்போது மழை பிடித்துக்கொண்டு வீணாய்ப் போய், நீ சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக் கிடந்தாய். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் கடைப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து, "நம்ம கடை கல்பாசிதாம்மா ஃபர்ஸ்ட்டு! மலையில எடுத்தத எல்லாம் தூக்கி அடிச்சிடுச்சு! நாங்க ஒப்பிட்டுப் பாக்கற வைட்டமின் சி-க்கே பக்கத்துல வந்து நிக்குது!" என்று கத்தினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? நான் கல்லாவை விட்டு எழுந்து வந்து எல்லார் முன்னாலும் உனக்குத் திருஷ்டி கழித்தேன். மறுநாளிலிருந்து வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். உன் மேடம் இதைக் கட்டுரையாக எழுதச் சொன்னார்கள். நீ ராத்திரி பகலாகக் கோட்டூர்புரம் நூலகத்தில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாய்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா உன்னைச் சீண்டுவதற்காக, "அப்ப பட்டை, சோம்புலாம் வேஸ்ட்டா நைனா?" என்றார். நீ ஆர்வமாக அவருக்கு விளக்கினாய். "வேஸ்ட்டுலாம் இல்லப்பா. மசாலா சாமான்லயே கிராம்புதான் டாப்பு. துளியூண்டு போட்டாலே ஊதா மஞ்சளாயிடும். அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்." சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டதுடா. படிக்காதவள்தான், ஆனால் எந்தச் சரக்கின் வாசனை எதில் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? உன்னைக் குதிக்க வைத்தது கல்பாசி இல்லை, என் கிராம்பு. இப்போது நீ நன்றி எழுதியிருக்கிறாயே, அந்த நிமிடம் அதுதான். நான் சொல்லவில்லை. "இன்னொரு இட்லி வைக்கட்டா?" என்று கேட்டேன்.

இருபத்திரண்டு நாள். தினசரி காலண்டரில் தாள் கிழிக்கும்போதெல்லாம் எண்ணினேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். சாயங்காலம் நீ சிரித்துக்கொண்டு வருவாய், நான் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவேன். கொஞ்சூண்டு கிராம்பு வாசனை என்ன பெரிதாகப் பண்ணிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இதைக்கூட நீ மன்னிப்பாய். மன்னிக்க முடியாதது அடுத்தது. ஒன்பதாவது நாள் நீ வந்து, "மேடம் இன்னொரு தடவை பண்ணிப் பாக்கச் சொன்னாங்கம்மா, அதே மாதிரி ஒரு பொட்டலம் குடு" என்றாய். முந்தின நாள்தான் பாரிமுனை மொத்தக் கடையிலிருந்து புது மூட்டை வந்து, பிரிக்காமல் மேஜைக்கு அடியில் இருந்தது. அதில் கிராம்பு பட்டதே இல்லை. அதைப் பிரித்துக் கொடுத்திருந்தால் உண்மை தானாக வெளியே வந்திருக்கும், நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். நான் டின்னைத்தான் திறந்தேன். தெரிந்தே திறந்தேன். மறுபடியும் அதே மாதிரி வந்துவிட்டது என்று நீ மகிழ்ச்சியாகப் போன் பண்ணினாய், நான் "கேட்டியா, நான் சொன்னேன்ல" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இருபத்திரண்டாவது நாள் நீ கட்டுரையைக் கொண்டுவந்து எனக்குப் படித்தாய். "மயிலாப்பூரில் ஒரு சில்லறைக் கடையில் வாங்கப்பட்டது. வேறு எந்தப் பொருளோடும் சேர்த்து வைக்கப்படவில்லை என்று கடைக்காரர் உறுதி சொன்னார்." படித்துவிட்டு, "கடைக்காரர்னா நீதாம்மா" என்று கண்ணடித்தாய். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "டேய், அந்த டின்னுல நான் கிராம்பு போடுவேன்டா. இப்பதான் ஞாபகம் வந்துது" என்றேன். இப்பதான்! ஒப்புக்கொள்ளும்போதும் ஒரு பொய்யைச் சேர்த்துத்தான் ஒப்புக்கொண்டேன். நீ டின்னைத் திறந்து அடிவரைக்கும் கையை விட்டு, கிராம்பை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாய். முகர்ந்தாய். "கல்பாசி வாசனைன்னாலே இதுதான்னு நெனச்சிக்கினு இருந்தேனேம்மா" என்று சிரித்தாய், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நீ கத்தியிருக்கலாம். நான் அன்றைக்குக் கத்தினதில் பாதி கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நல்லவேளை, ஞாபகம் வந்ததும் சொன்னியேம்மா. வேற யாராவதா இருந்தா மறைச்சிருப்பாங்க."

உன் சிநேகிதன் கடைக்கே வந்து உன்னிடம் பேசினது என் காதில் விழுந்தது. "மச்சி, வுடுடா. எவனுக்குத் தெரியப் போவுது? கடையில வாங்குனேன், டெஸ்ட் பண்ணேன், அவ்ளோதான்" என்றான். நீ, "கலர் எதனால மாறுச்சுன்னே எனக்குத் தெரியலைன்னா நான் பண்ணது ஆராய்ச்சியே இல்லடா" என்றாய். மறுநாள் அப்பாவின் ஆட்டோவிலேயே மேடத்திடம் போய், நீயாகவே எல்லாவற்றையும் சொன்னாய். வெளியே காத்திருந்த அப்பா, "உள்ள போகும்போது மூஞ்சி செத்துப் போய்க் கெடந்துது. வரும்போது தெளிவா வந்தான்" என்று என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் பத்து மாசம். தி. நகரிலிருந்து திருவான்மியூர் வரைக்கும் கடை கடையாக ஏறி, மூட்டையை உன் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி வாங்கினாய். திரும்பக் கொடைக்கானல் போனாய். என் டின்னையும் விடவில்லை. கிராம்போடு வைத்தது, தனியாக வைத்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து, மசாலாக் கடையில் வாங்குகிற பொருளில் இப்படி ஏமாந்து போகலாம் என்று ஒரு தனி அத்தியாயமே எழுதினாய். கல்பாசிக்கு நிஜமாகவே சத்து இருக்கிறது, ஆனால் வைட்டமின் சி-க்குக் கிட்டே வராது என்று முடிவு வந்தபோது நீ முகம் சுளிக்கவில்லை. "இது கொஞ்சமா இருந்தாலும் அதோட சொந்தச் சரக்கும்மா" என்றாய். அன்றைக்கு உன்னை நினைத்து நான் பட்ட பெருமைக்குப் பக்கத்தில், முதலில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அடித்த பெருமை ஒன்றுமே இல்லை.

போன மாசம் சித்திரக்குளம் பக்கத்திலிருந்து வருகிற மாமி கேட்டதையும் சொல்ல வேண்டும். "ஏன்டாப்பா, கல்பாசியை அரைச்சுக் குடிச்சா சக்கரை எறங்கிடுமாமே. ஆத்துல எல்லாரும் மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடின்னு சொல்லிண்டு இருக்கா" என்றார். அரைக் கிலோவாகக் கேட்டார். நான் தராசில் போடக் கையை நீட்டிவிட்டேன். நீ நடுவில் வந்து, "மாமி, நாங்க பாத்தது கண்ணாடிக் குழாய்ல. அங்க கலர் மாறினா உடம்புல நோய் மாறும்னு அர்த்தம் இல்ல. குருமாவுல ரெண்டு துண்டு போடுங்க, நல்லா இருக்கும். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க" என்றாய். மாமி உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைக்காரி பிள்ளையே வாங்காதேங்கறானே" என்று சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். அஞ்சு வருஷம் உயிரைக் கொடுத்து ஒன்றைப் படித்தவன், அதற்கு இல்லாத பெருமையை அதன்மேல் ஏற்ற மாட்டேன் என்று நிற்கிறான். என் வயிற்றில் இப்படி ஒருத்தன் பிறந்தானா என்று நினைத்துக்கொண்டே தராசுத் தட்டைத் துடைத்து வைத்தேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தாய் இல்லையா, ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு முடிந்ததும் மேல் ஆராய்ச்சிக்கு நீ வெளிநாட்டுக்குப் போகிறாய். அங்கே உன்னைக் கொண்டாடுவார்கள். எனக்கு அந்த இருபத்திரண்டு நாளும் வாயை அடைத்தது பாராட்டுதான். எல்லாரும் முகம் மலர்ந்து நிற்கும்போது அதைக் கெடுக்க மனசு வராது, அப்போது உனக்கு நீயே அழகழகாகச் சமாதானம் சொல்லிக்கொள்வாய். நான் அப்படிச் சொல்லிக்கொண்டவள், அதனால் தெரியும். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மேடத்தின் அறைக்குள் போன அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது. இனிமேல் நான் சொல்வதை நீ முன்போல நம்ப மாட்டாய் என்ற பயம் இருக்கிறது. இருக்கட்டும். நம்பாமல் மூட்டையைப் பிரித்துப் பார்க்கத்தான் நீ படித்திருக்கிறாய், என் விஷயத்திலும் பார். அந்த வரியை மட்டும் அப்படியே விடாதே. "இருபத்திரண்டு நாள் கழித்துச் சொன்ன என் அம்மாவுக்கு" என்று மாற்று. அப்படிப் போட மனசு வரவில்லை என்றால் என்னை எடுத்துவிடு. அதில் நான் இல்லாமல் போனாலும் பரவாயில்லை கண்ணு, உன் புத்தகம் முழுசும் உண்மையாக இருக்கட்டும்.